அத்தியாயம் 9: உங்கள் ஸ்லைடில் அடுத்தவர் கை வைக்காமல் இருக்க

ஒரு பவர்பாயின்ட் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், அதன்பின் அது உங்கள் கையில் இல்லை. முதல் ஸ்லைடில் இருந்த உங்கள் பெயரை எடுத்துவிட்டு யாரோ தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். விலைப்பட்டியலில் ஒரு பூஜ்யம் காணாமல் போகலாம். மேடை ஏறும் நேரத்தில் யாரோ தெரியாமல் மவுஸை இழுத்து, வரைபடம் ஸ்லைடின் ஓரத்துக்குப் போயிருக்கலாம். மூன்றும் வேறு வேறு தொல்லைகள். மூன்றுக்கும் ஒரே பூட்டு கிடையாது.

இந்த அத்தியாயத்தில் வரும் வழிகள் பெரும்பாலும் விண்டோஸ் கணினியில் இருக்கும் பவர்பாயின்டுக்கானவை. மேக், கூகுள் ஸ்லைட்ஸ், லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இடையிடையே சொல்லியிருக்கிறேன். கைபேசியிலும் பிரவுசரிலும் திறக்கும் பவர்பாயின்டில் கடவுச்சொல் போட வழியில்லை. அதற்குக் கணினியில் நிறுவிய மென்பொருள்தான் வேண்டும்.

## யாரைத் தடுக்கப் போகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் மெனுவைத் திறக்காதீர்கள்.

- கூட வேலை செய்பவர் தவறுதலாக எதையும் தட்டிவிடக் கூடாது என்றால், வழி 1 போதும்.
- எல்லோரும் பார்க்கலாம், நீங்கள் சொன்ன ஓரிருவர் மட்டும் திருத்தலாம் என்றால் வழி 2.
- சம்பந்தமில்லாதவர் திறக்கவே கூடாது என்றால் வழி 3.
- ஊருக்கே கொடுக்க வேண்டும், ஆனால் யாரும் மாற்றக் கூடாது என்றால் வழி 4.

பலர் நேராக வழி 3-க்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது வழி 4. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

## எதற்கும் முன்னால்: மூலக் கோப்பைத் தனியே வையுங்கள்

1. கோப்பைத் திறந்து எஃப்12 பொத்தானை அழுத்துங்கள். 'சேவ் ஆஸ்' பெட்டி வரும்.
2. பெயரின் கடைசியில் 'மூலம்' என்று சேர்த்து ஒரு பிரதியைச் சேமியுங்கள். இதற்கு எந்தப் பூட்டும் வேண்டாம்.
3. அதை இன்னோர் இடத்திலும் வையுங்கள்: பென் டிரைவ், கூகுள் டிரைவ், எதுவானாலும் சரி.
4. மறுபடி எஃப்12 அழுத்தி, 'அனுப்ப' என்று பெயர் சேர்த்து இன்னொரு பிரதி எடுங்கள். இனிச் சொல்லும் வேலையெல்லாம் இந்தப் பிரதியில்தான்.

எச்சரிக்கை: பூட்டியது ஒன்றே ஒன்றாக இருந்து கடவுச்சொல்லும் மறந்துபோனால், கோப்பு போனது போனதுதான். மறந்த கடவுச்சொல்லை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது.

## வழி 1: 'கை வைக்காதீர்கள்' என்று சொல்லி அனுப்புவது

1. ஃபைல் → இன்ஃபோ → புரொடெக்ட் பிரசென்டேஷன்.
2. விரியும் பட்டியலில் 'ஆல்வேஸ் ஓபன் ரீட்-ஒன்லி' அல்லது 'மார்க் ஆஸ் ஃபைனல்' இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.
3. சேமியுங்கள்.

கோப்பைப் பெறுபவர் திறந்தால் ஸ்லைடுக்கு மேலே மஞ்சள் பட்டை ஒன்று தெரியும். அந்தப் பட்டையிலேயே 'எடிட் எனிவே' என்று ஒரு பொத்தானும் இருக்கும். அதைத் தட்டினால் பூட்டு போய்விடும். கடவுச்சொல் எதுவும் கேட்காது. அதாவது இது பூங்காப் புல்வெளியில் நட்டுவைத்த 'நடக்காதீர்கள்' பலகை. மரியாதை தெரிந்தவர் நிற்பார், அவ்வளவுதான்.

ஆனாலும் இதை ஒதுக்கிவிட வேண்டாம். கருத்தரங்கின் மேடை மடிக்கணினியில் பல பேரின் கோப்புகள் வரிசையாகக் கிடக்கும்போது, யாரோ அவசரத்தில் உங்களுடையதைத் திறந்து விசைப்பலகையில் கை பட்டால் எதுவும் மாறாது. அந்த அளவுக்கு இது போதும். இதை வைத்துக்கொண்டு, 'நான் கோப்பைப் பூட்டித்தான் அனுப்பினேன்' என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

## வழி 2: திருத்துவதற்கு மட்டும் கடவுச்சொல்

பலருக்கும் தெரியாமல் ஒளிந்துகிடக்கும் வசதி இது. இன்ஃபோ பக்கத்தில் தேடினால் கிடைக்காது.

1. எஃப்12 அழுத்தி 'சேவ் ஆஸ்' பெட்டியைத் திறங்கள்.
2. கீழே 'சேவ்' பொத்தானுக்குப் பக்கத்தில் 'டூல்ஸ்' என்று சிறியதாக இருக்கும். அதைத் தட்டி 'ஜெனரல் ஆப்ஷன்ஸ்' போங்கள்.
3. இரண்டு கட்டங்கள் தெரியும். மேலே 'பாஸ்வேர்டு டு ஓபன்', கீழே 'பாஸ்வேர்டு டு மாடிஃபை'. மேல் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கீழ் கட்டத்தில் மட்டும் கடவுச்சொல்லை அடியுங்கள்.
4. ஓகே கொடுத்ததும் அதையே மறுபடி கேட்கும். அடித்து ஓகே கொடுங்கள்.
5. 'சேவ்' தட்டுங்கள். இதை மறந்தால் மேலே செய்ததெல்லாம் வீண்.

மேக் கணினியில்: ஃபைல் → பாஸ்வேர்ட்ஸ். அங்கேயும் திறக்க ஒன்று, திருத்த ஒன்று என இரண்டு கட்டங்கள் உண்டு.

இப்போது யார் திறந்தாலும் ஒரு சிறிய பெட்டி வரும். கடவுச்சொல் தெரிந்தவர் அடித்து உள்ளே போகலாம். தெரியாதவர் 'ரீட் ஒன்லி' பொத்தானைத் தட்டிப் பார்க்கலாம், திரையில் ஓட்டலாம். திருத்தும் பொத்தான்கள் மங்கிக் கிடக்கும்.

அலுவலகத்துக்குள் சுற்றும் கோப்புக்கு இதுதான் என் முதல் தேர்வு. பார்ப்பவருக்குத் தடையில்லை, மாற்றுபவர் யார் என்பதும் உங்கள் கையில். ஆனால் இதன் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பூட்டு உள்ளே இருப்பதைச் சங்கேதமாக மாற்றுவதில்லை. கோப்பின் உள்ளே 'திருத்த வேண்டுமானால் கடவுச்சொல் கேள்' என்று ஒரு வரியை எழுதி வைக்கிறது. பவர்பாயின்ட் அந்த வரிக்குக் கட்டுப்படும்; எல்லா மென்பொருளும் கட்டுப்படும் என்று நம்பியிருக்க முடியாது. விவரம் தெரிந்தவர் அந்த வரியையே எடுத்துவிடவும் முடியும். ரகசியத்தைக் காக்க இது உதவாது.

## வழி 3: திறக்கவே கடவுச்சொல்

1. ஃபைல் → இன்ஃபோ → புரொடெக்ட் பிரசென்டேஷன் → என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்டு.
2. கடவுச்சொல்லை அடித்து ஓகே. மறுபடி அடித்து ஓகே.
3. சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்கிறதா?

இது உண்மையான பூட்டு. கோப்பு முழுவதும் சங்கேதமாகிவிடும். கடவுச்சொல் இல்லாமல் திறப்பவருக்கு முதல் ஸ்லைடுகூடத் தெரியாது. ஆனால் கோப்பு பி.பி.டி.எக்ஸ் வகையாக இருக்க வேண்டும். 2003 பதிப்பு வரை இருந்த பழைய பி.பி.டி வகையில் இருந்தால் பூட்டு பலவீனமானது. புதிய வகையில் சேமித்துவிட்டுப் பூட்டுங்கள்.

லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ்ஸில் 'சேவ் ஆஸ்' பெட்டியில் 'சேவ் வித் பாஸ்வேர்டு' என்ற கட்டத்தில் டிக் செய்தால் இதே வேலை நடக்கும். ஆப்பிளின் கீநோட்டில் ஃபைல் → செட் பாஸ்வேர்டு.

### இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்

திறக்கும் கடவுச்சொல், திருத்துவதைத் தடுக்காது. நீங்கள் நாற்பது பேருக்குக் கோப்பையும் கடவுச்சொல்லையும் சேர்த்து அனுப்பினால், நாற்பது பேராலும் திருத்த முடியும். ஒருவர் திறந்து, பூட்டை எடுத்துவிட்டு, வேறு பெயரில் சேமித்து அடுத்தவருக்கு அனுப்பினால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. வெளியாள் பார்க்கக் கூடாது, உள்ளே இருப்பவரும் மாற்றக் கூடாது என்றால், வழி 2-இல் சொன்ன ஜெனரல் ஆப்ஷன்ஸ் பெட்டியில் இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள். இரண்டிலும் வெவ்வேறு சொல் இருக்க வேண்டும். ஒரே சொல்லை இரண்டிலும் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எதற்காக என்றுதான் புரிவதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. இப்படிப் பூட்டிய கோப்பில் ஆட்டோசேவ் வேலை செய்யாது. பல பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து திருத்தவும் முடியாது. வேலை நடந்துகொண்டிருக்கும் கோப்பைப் பூட்டாதீர்கள். முடிந்த பிறகு பூட்டுங்கள்.

### கடவுச்சொல் பற்றிச் சில குறிப்புகள்

- பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு. அடிக்கும் முன் கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள்.
- தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அடியுங்கள். கட்டத்தில் புள்ளிகள்தான் தெரியும் என்பதால், தமிழில் அடித்திருக்கிறீர்கள் என்பதே தெரியாது.
- பள்ளிப் பெயரும் ஆண்டும், கம்பெனிப் பெயரும் 123-உம் முதலில் ஊகிக்கப்படுபவை. தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து எழுதுவது நல்லது.
- மேக்கில் 15 எழுத்துகளுக்கு மேல் ஏற்காது. இரண்டு வகைக் கணினிக்கும் போகும் கோப்பானால் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.
- கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே அஞ்சலில் அனுப்பினால் பூட்டோடு சாவியையும் கட்டிக் கொடுத்தது போலாகும்.

## வழி 4: திருத்தும் கோப்பையே கொடுக்காமல் இருப்பது

பயிற்சி வகுப்பு, கருத்தரங்கு, வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைப்புள்ளி, மாணவர்களுக்குக் கொடுக்கும் பாடம் ஆகிய எல்லாவற்றுக்கும் இதைத்தான் சொல்வேன். கையில் பவர்பாயின்ட் கோப்பு இல்லையென்றால் திருத்துவது எங்கே?

### பி.டி.எஃப் ஆக்குதல்

1. ஃபைல் → எக்ஸ்போர்ட் → கிரியேட் பி.டி.எஃப்.
2. சேமிக்கும் முன் அந்தப் பெட்டியில் 'ஆப்ஷன்ஸ்' தட்டுங்கள்.
3. 'பப்ளிஷ் வாட்' என்ற இடத்தில் 'ஸ்லைட்ஸ்' இருக்கிறதா பாருங்கள். 'நோட்ஸ் பேஜஸ்' என்று இருந்தால் நீங்கள் பேசுவதற்காக எழுதிவைத்த குறிப்பெல்லாம் சேர்ந்து போய்விடும்.
4. 'இன்க்ளூட் ஹிடன் ஸ்லைட்ஸ்' கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். மறைத்துவைத்த ஸ்லைடை அடுத்தவர் பார்ப்பதற்காகவா மறைத்தீர்கள்?
5. பப்ளிஷ்.

அசைவுகளும் காணொளியும் இதில் ஓடாது. அது ஒரு குறை.

தமிழில் ஸ்லைடு செய்பவருக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஸ்லைடை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே தெரியாது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடக்கும். யாரும் கை வைக்காமலே ஸ்லைடு கெட்டுப்போகிற கதை அது. பி.டி.எஃப் ஆக்கினால் எழுத்துரு அதோடு சேர்ந்தே போகும். பவர்பாயின்ட் கோப்பாகவே கொடுத்தாக வேண்டிய கட்டாயம் இருந்தால், ஃபைல் → ஆப்ஷன்ஸ் → சேவ் பக்கத்தில் கடைசியில் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்' என்பதை டிக் செய்யுங்கள். உரிமக் கட்டுப்பாடு உள்ள எழுத்துருக்கள் இதற்கு இடம்கொடுக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் யூனிகோடிலேயே அடிப்பது நல்லது.

### ஸ்லைடுகளைப் படமாக்குதல்

பி.டி.எஃப் கோப்பை வேர்டில் திறந்து எழுத்தை உருவிக்கொள்ள முடியும். 2013-இல் வந்த வேர்டிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அதுவும் கூடாது என்றால்:

1. எஃப்12 அழுத்தி, 'சேவ் ஆஸ் டைப்' பட்டியலைத் திறங்கள்.
2. 'பவர்பாயின்ட் பிக்சர் பிரசென்டேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. புதுப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள்.

இந்தப் பிரதியில் ஒவ்வொரு ஸ்லைடும் ஒரே படமாக இருக்கும். எழுத்தைத் தட்டினால் எழுத்து தேர்வாகாது; முழுப் படமும்தான் தேர்வாகும். புரொஜெக்டரில் வழக்கம்போல ஓட்டலாம். சிறிய எழுத்துகள் கொஞ்சம் மங்கலாம், அதனால் அனுப்பும் முன் முழுத் திரையில் ஒருமுறை பாருங்கள். இதையே பி.டி.எஃப் ஆக்கியும் கொடுக்கலாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரை வாசிப்பான் இதைப் படித்துச் சொல்லாது. கேட்பவர்களில் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்குச் சாதாரண பி.டி.எஃப் கொடுங்கள்.

### காணொளி

அசைவும் குரலும் கட்டாயம் வேண்டும் என்றால் ஃபைல் → எக்ஸ்போர்ட் → கிரியேட் எ வீடியோ. ஃபுல் எச்.டி அளவு எதற்கும் போதும். நேரம் குறிக்காத ஸ்லைடு ஒவ்வொன்றும் 5 விநாடி நிற்கும். எழுத்து அதிகமுள்ள ஸ்லைடுக்கு அது போதாது, கூட்டிக்கொள்ளுங்கள்.

### பி.பி.எஸ்.எக்ஸ் ஒரு பூட்டு அல்ல

'பவர்பாயின்ட் ஷோ' என்று சேமித்தால் கோப்பைத் தட்டியதும் நேராக முழுத் திரையில் ஓடத் தொடங்கும். இதைப் பாதுகாப்பு என்று நம்பிக் கொடுப்பவர்கள் ஏராளம். முதலில் பவர்பாயின்டைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஃபைல் → ஓபன் வழியாக அந்தக் கோப்பைத் திறந்தால் வழக்கமான திருத்தும் திரை வந்துவிடும். அரை நிமிட வேலை.

கண்காட்சி அரங்கில் திரும்பத் திரும்ப ஓடும் திரைக்கு மட்டும் இது பொருத்தம். ஸ்லைடு ஷோ → செட் அப் ஸ்லைடு ஷோ போய் 'பிரவுஸ்டு அட் எ கியாஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், வருகிறவர்கள் மவுஸைத் தட்டினாலும் ஸ்லைடு நகராது. டிரான்சிஷன்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நேரம் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் ஸ்லைடிலேயே நின்றுகொண்டிருக்கும். எஸ்கேப் பொத்தான் மட்டும் வேலை செய்யும் என்பதால் விசைப்பலகையை மேசைக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

## கூகுள் ஸ்லைட்ஸ் பயன்படுத்துகிறீர்களா?

1. வலது மேல்மூலையில் 'ஷேர்'.
2. 'ஜெனரல் ஆக்சஸ்' பகுதியில் 'எனிஒன் வித் த லிங்க்' என்று வைத்தால், பக்கத்தில் 'வியூவர்' இருக்கிறதா பாருங்கள். தயாரிக்கும்போது நண்பர்களுக்காக 'எடிட்டர்' என்று மாற்றி, அப்படியே மறந்துவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.
3. மேலே உள்ள பல்சக்கரக் குறியைத் தட்டுங்கள். பார்ப்பவர்கள் இறக்கவும் அச்சிடவும் நகலெடுக்கவும் அனுமதிக்கும் கட்டத்தில் டிக்கை எடுங்கள். எடிட்டர்கள் மற்றவர்களைச் சேர்க்க அனுமதிக்கும் கட்டத்திலும் எடுங்கள்.
4. பிரவுசரில் இன்காக்னிட்டோ சாளரம் திறந்து, அந்த இணைப்பை ஒட்டிப் பாருங்கள். உங்கள் கணக்கு இல்லாத ஒருவருக்கு என்ன தெரியுமோ அதுதான் அங்கே தெரியும்.

யாராவது மாற்றிவிட்டாலும் இங்கே பதற வேண்டியதில்லை. ஃபைல் → வெர்ஷன் ஹிஸ்டரியில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று நிறம் நிறமாகக் காட்டும். பழையதைத் தேர்ந்து மீட்டுக்கொள்ளலாம்.

உத்தி: எல்லோரும் அதே அமைப்பில் தங்கள் விவரத்தை நிரப்ப வேண்டும், உங்கள் மூலம் மட்டும் மாறக் கூடாது என்றால் டிக் எதையும் எடுக்காதீர்கள். 'வியூவர்' என்று வைத்துவிட்டு, இணைப்பின் கடைசியில் ஆங்கிலத்தில் 'எடிட்' என்று வரும் இடத்திலிருந்து எல்லாவற்றையும் அழித்து, ஆங்கிலத்தில் 'காப்பி' என்று அடித்து அனுப்புங்கள். தட்டுபவருக்கு அவரவர் கணக்கில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பக்கம் வரும்.

## உள்ளே மறைந்திருப்பதை மறக்காதீர்கள்

திருத்துவதைத் தடுத்துவிட்டு, பார்க்கக் கூடாததைச் சேர்த்து அனுப்பினால் என்ன பயன்? பவர்பாயின்ட் கோப்பாகவே கொடுக்கும்போது இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

எக்செல் வரைபடம். எக்செலிலிருந்து ஒரு வரைபடத்தை நகலெடுத்து ஸ்லைடில் 'எம்பெட்' முறையில் ஒட்டினால், அந்த வரைபடம் மட்டும் வருவதில்லை. பணித்தாள் கோப்பு முழுவதும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். காலாண்டு விற்பனையைக் காட்டும் நான்கு தூண்களின் மேல் வலது சொடுக்கு செய்து 'எடிட் டேட்டா' போனால், அடுத்த தாளில் இருக்கும் ஊழியர் சம்பளம்வரை தெரியக்கூடும். ஒட்டும்போது வலது சொடுக்கில் வரும் ஒட்டு வகைகளில் 'பிக்சர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்த வம்பு இல்லை.

வெட்டிய படம். 'கிராப்' செய்த படத்தின் வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும். படத்தைத் தேர்ந்து, பிக்சர் ஃபார்மேட் → கம்ப்ரெஸ் பிக்சர்ஸ் போய் 'டெலீட் கிராப்டு ஏரியாஸ்' என்பதை டிக் செய்யுங்கள்.

குறிப்பும் கருத்தும். ஃபைல் → இன்ஃபோ → செக் ஃபார் இஷ்யூஸ் → இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட். பேச்சுக் குறிப்பு, கமென்ட், கோப்பை எழுதியவர் பெயர், ஸ்லைடுக்கு வெளியே தள்ளிவைத்த பொருள் என எல்லாவற்றையும் தேடித் தரும். 'ரிமூவ் ஆல்' தட்டினால் நீக்கிவிடும். திரும்ப வராமல் போகலாம், அதனால்தான் 'அனுப்ப' என்ற பிரதியில் வேலை செய்யச் சொன்னேன்.

பெயரோ சின்னமோ ஸ்லைடுதோறும் இருக்க வேண்டும் என்றால், தனித்தனியாக ஒட்டாமல் வியூ → ஸ்லைடு மாஸ்டரில் ஒருமுறை வையுங்கள். சாதாரணத் திரையில் அதைத் தட்டித் தேர்வு செய்ய முடியாது. மாஸ்டருக்குள் போகத் தெரிந்தவர் எடுத்துவிடுவார், தெரியாதவர்தான் அதிகம்.

## மாறியதா இல்லையா என்று நிரூபிக்க வேண்டுமென்றால்

சில இடங்களில் தடுப்பதைவிட, 'நான் கொடுத்தது இதுதான்' என்று காட்டுவது முக்கியம். டெண்டர், ஜி.எஸ்.டி வேலைகளுக்காக டி.எஸ்.சி எனப்படும் மின்கையொப்பச் சான்றிதழ் வாங்கிவைத்திருப்பவர்கள், அது கணினியில் பதிவாகியிருந்தால், புரொடெக்ட் பிரசென்டேஷன் பட்டியலில் உள்ள 'ஆட் எ டிஜிட்டல் சிக்னேச்சர்' வழியாகக் கையொப்பமிடலாம். அதன்பின் யார் ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தாலும் கையொப்பம் செல்லாமல் போய்விடும். எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாகச் செய்ய வேண்டியது இது. கையொப்பமிட்ட பின் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

## அரங்கத்துக் கணினியில்

பென் டிரைவிலிருந்தே கோப்பை ஓட்டச் சொன்னாலும், அங்கிருப்பவர் 'வேகமாக ஓடும் சார்' என்று டெஸ்க்டாப்பில் நகலெடுத்துவிடுவார். பேசி முடித்ததும்:

1. டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸ் அடைவிலும் உங்கள் கோப்பைத் தேடுங்கள்.
2. அதைத் தேர்ந்து, ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே டெலீட் தட்டுங்கள். வெறும் டெலீட் தட்டினால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும்.
3. அங்கே உங்கள் மின்னஞ்சலைத் திறந்திருந்தால் வெளியேறுங்கள்.

முன்கூட்டியே கோப்பு கேட்கும் ஏற்பாட்டாளருக்குப் படமாக்கிய பிரதியை அனுப்பிவிட்டு, அசைவுள்ள கோப்பை நீங்களே கொண்டுபோவது நல்லது.

## பூட்டை எடுக்க

- வழி 1-இல் போட்டது: அதே மெனுவில் அதே வரியை மறுபடி தட்டினால் போய்விடும்.
- வழி 2-இல் போட்டது: கடவுச்சொல் கொடுத்துத் திறந்து, எஃப்12 → டூல்ஸ் → ஜெனரல் ஆப்ஷன்ஸ் போய்க் கட்டத்தில் தெரியும் புள்ளிகளை அழித்துச் சேமியுங்கள்.
- வழி 3-இல் போட்டது: என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்டு பெட்டியை மறுபடி திறந்து, புள்ளிகளை அழித்து, ஓகே கொடுத்துச் சேமியுங்கள். சேமிக்காமல் மூடினால் பழைய பூட்டு அப்படியே இருக்கும்.
- வழி 4-இல் எடுக்க எதுவும் இல்லை. 'மூலம்' என்று வைத்த பிரதியைத் திறந்து வேலையைத் தொடங்குங்கள்.